கதை இருக்கு சார், திரைக்கதைதான் இல்லை
வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறையில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய தோட்ட பங்களாவில் நான்கு நாள் திரைக்கதை முகாம் நடக்கவிருக்கிறது. கோலாலம்பூரில் தொலைக்காட்சிக்கு எழுதுகிறவர்களும், சென்னையில் கதை விவாதங்களில் உட்காருகிறவர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். விண்ணப்பத்தோடு ஒருவரிக் கதை, ஒரு பக்கச் சுருக்கம், பத்துப் பக்கத் திரைக்கதை ஆகிய மூன்றும் கேட்டிருக்கிறார்கள். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, திரைக்கதைப் பகுதிக் குழுவினர் இங்கே பதில் தருகிறார்கள்.

எஸ்.கே., சுங்கை சிப்புட்: ஒருவரிக் கதை என்று எதைக் கேட்கிறார்கள்? "தோட்டத்து மக்களின் கண்ணீரைச் சொல்லும் உணர்ச்சிக் காவியம்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

போதாது. அது போஸ்டரில் போடுகிற வரி. யார் கண்ணீர், எதற்காக, அதைத் துடைக்க யார் என்ன செய்யப்போகிறார் என்று எதுவும் அதில் இல்லை. தேர்வு செய்கிறவர் முன்னால் ஒரு கட்டு விண்ணப்பம் இருக்கும். உங்கள் வரியைப் படித்ததும் ஒரு ஆள் அவர் கண்ணில் தெரிய வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு சிக்கல் இருக்க வேண்டும்.

ஐந்து விஷயம் உள்ளே வந்தாக வேண்டும்: ஆள், அவருக்கு வேண்டியது, குறுக்கே நிற்பது, கெடு, தோற்றால் அல்லது ஜெயித்தால் கொடுக்க வேண்டிய விலை. உதாரணத்துக்கு: "தோட்டம் வீடமைப்புக்கு விலைபோய், லயத்தைக் காலி செய்ய முப்பது நாள் கெடு விழுந்ததும், வீட்டு உரிமையை நிரூபிக்கும் பழைய தாளைத் தேடுகிறார் ஓய்வுபெற்ற மண்டோர், அந்தத் தாள் வெளியே வந்தால், வாங்கிய நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் மகனின் பிழைப்பு போய்விடும்." (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, மண்டோர் என்பவர் வேலையை மேற்பார்ப்பவர்.) இதில் உருக்கத்துக்காகச் சேர்த்த அடைமொழியே கிடையாது. ஆனாலும் அப்பனும் மகனும் ஒரே கூரைக்கடியில் முட்டிக்கொள்ளப்போவது தெரிகிறது.

ஆங்கிலத்தில் இருபத்தைந்து, முப்பது சொல்லுக்குள் முடிக்கச் சொல்வார்கள். தமிழில் வேற்றுமையும் வினையெச்சமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே எண்ணிக்கையில் இன்னும் அதிகம் அடங்கும். சத்தமாக ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் ஒரு கிளைக்கதை அதிகமாக உள்ளே நுழைந்திருக்கிறது.

ஆர்.எம்., சிம்மோர்: ஒரு பக்கச் சுருக்கத்தில் கிளைமாக்ஸைச் சொல்லாமல் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிக்கலாமா?

கூடாது. வழிகாட்டி டிக்கெட் வாங்கிய ரசிகர் அல்ல. முடிவு தெரியாமல் நடுப்பகுதி சரியா தப்பா என்று அவரால் சொல்லவே முடியாது. முடிவு இன்னும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு முடிவுகளை எழுதி, "இதில் தடுமாறுகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். முகாமில் பேசுவதற்கு அதுவே நல்ல தொடக்கம்.

டி.வி., கோலகங்சார்: ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிறார்களே, தமிழில் தட்டச்சு செய்தால் அந்தக் கணக்கு சரிவருமா? எந்த அமைப்பில் எழுத வேண்டும்?

அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்கு உரியது. கூரியர் எழுத்து 12 புள்ளி அளவில், இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம் விட்டு, வசனத்தை நடுவில் ஒடுக்கி அடிக்கும்போது ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரும். கூரியரில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். நம் எழுத்துருக்களில் 'ர' ஒரு அகலம், 'ணௌ' வேறு அகலம், சொற்களும் நீளம். எழுத்துருவை மாற்றினாலே பக்கக் கணக்கு மாறிவிடும்.

அதனால் உங்கள் கணக்கை நீங்களே கண்டுபிடியுங்கள். வசனம் அதிகமுள்ள இரண்டு பக்கம், செயல் அதிகமுள்ள இரண்டு பக்கம், கலவையாக ஒரு பக்கம் என்று ஐந்து பக்கம் எடுங்கள். கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, வசனத்தை நடிகர் பேசும் வேகத்தில் வாசியுங்கள். "கதவைத் திறந்து உள்ளே போகிறாள்" என்று வரும் இடத்தில் நிஜமாகவே எழுந்து கதவைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். வந்த நேரத்தை ஐந்தால் வகுத்தால் உங்கள் எழுத்துருவுக்கு ஒரு பக்கம் எத்தனை வினாடி என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் 90 நிமிட டெலிமூவிக்கு 140 பக்கம் கொண்டுபோகிறவர்கள், முகாமில் முதல் நாளையே வெட்டுவதில் தொலைக்கிறார்கள்.

அமைப்பு இரண்டு விதமாகப் புழங்குகிறது. பக்கத்தின் இடது பாதியில் காட்சி, வலது பாதியில் வசனம் என்பது கோடம்பாக்கத்துப் பழைய வழக்கம். செயலை முழு அகலத்திலும் வசனத்தை நடுவிலும் எழுதுவது இன்று பரவலாகிவிட்ட முறை. அறிவிப்பில் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எண், உள் அல்லது வெளி, இடம், பொழுது ஆகியவை தலைப்பாக வர வேண்டும். இடத்தின் பெயரைக் கடைசிவரை ஒரே மாதிரி எழுதுங்கள். மூன்றாம் காட்சியில் "லயத்து வீடு", பதினைந்தில் "பார்வதி வீடு", நாற்பதில் "பழைய வீடு" என்று எழுதினால் படப்பிடிப்பு அட்டவணை போடுகிறவர் மூன்று வீடு தேடுவார்.

யுனிகோடில் அடியுங்கள். பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்தவர் கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கும். பிடிஎஃப் ஒன்று, திருத்தக்கூடிய கோப்பு ஒன்று என இரண்டையும் அனுப்பினால் வம்பில்லை.

வாசகி, லிந்தாங்: பத்துப் பக்க மாதிரியில் முதல் காட்சியை இணைத்திருக்கிறேன். படித்தவர்கள் எல்லாரும் "உருக்கமா இருக்கு" என்கிறார்கள். தேர்வாகுமா?

கடிதத்தோடு வந்த காட்சியை உங்கள் அனுமதியோடு அப்படியே தருகிறோம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

வெளி – ரப்பர் தோட்டம் – பகல்
சுட்டெரிக்கும் மதிய வெயில். பார்வதி கண்ணீரோடு பால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் மனத்தில் இருபது வருட வேதனை. மகன் குமார் ஓடி வருகிறான்.
குமார்: அம்மா! நாம மூணு தலைமுறையா இந்தத் தோட்டத்துல இருக்கோம். இப்போ கம்பெனி தோட்டத்த வித்துட்டாங்க. முப்பது நாள்ல நம்மள வெளிய போகச் சொல்லிட்டாங்க!
பார்வதி: ஐயோ கடவுளே! ஏழைங்களுக்கு இந்த உலகத்துல நியாயமே இல்லையா?

உருக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக் குழுவில் தோட்டம் தெரிந்த ஒருவர் இருந்தால் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார். மதிய வெயிலில் யார் பால் வெட்டுகிறார்? விடியலுக்கு முன் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடி இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பை முடித்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்குகிறார்கள். மதியத்துக்கு முன்பே பாலை எடுத்து, நிறுவைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். லிந்தாங்கிலிருந்து எழுதுகிற உங்களுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பிறகு ஏன் மதியம்? சினிமாவில் கஷ்டம் என்றால் வெயில் என்று பார்த்துப் பழகிவிட்டோம், அதுதான் காரணம். கண்ணால் கண்டதை விட்டுவிட்டுத் திரையில் கண்டதைத் திருப்பி எழுதுவது முகாமுக்கு வரும் மாதிரிகளில் அடிக்கடி காணும் குறை.

அடுத்தது, "இருபது வருட வேதனை". கேமரா அதை எப்படி எடுக்கும்? மனத்தில் இருப்பதைக் கையாலோ முகத்தாலோ பொருளாலோ காட்டினால்தான் அது திரைக்கதை. இல்லாவிட்டால் நாவலில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பெரிய குறை. மூன்று தலைமுறையாக அங்கே இருப்பது அம்மாவுக்கும் மகனுக்கும் தெரியும். தெரிந்ததை ஒருவருக்கொருவர் ஏன் சொல்லிக்கொள்கிறார்கள்? நமக்குச் சொல்வதற்காக. பார்வையாளருக்கு அது உடனே தெரிந்துவிடும். பார்வதியின் பதிலோ யாரைப் பார்த்தும் பேசியது அல்ல, வானத்தைப் பார்த்துப் பேசியது. அதற்கு மேல் அந்தக் காட்சி நகர வழியில்லை.

அதே செய்தியை, அதே இருவரை வைத்து இப்படி எழுதலாம்:

வெளி – பால் மரக்காடு – விடியலுக்கு முன்
இருட்டு. நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் ஒரு மரத்தின் வெட்டுப் பட்டை மட்டும் தெரிகிறது. ஒரு கை, நேற்றைய ஒட்டுப்பாலை நூலாக உரித்துப் பையில் போடுகிறது. உளி இறங்குகிறது. பால் கசிந்து மங்கில் சொட்டுகிறது. பார்வதி.
பின்னால் கைப்பேசி வெளிச்சம் ஆடி ஆடி வருகிறது. பள்ளிச் சீருடையில் குமார்.
பார்வதி: பஸ் போயிடும்டா.
குமார்: கதவு இடுக்குல கெடந்துச்சு.
ஒரு கடிதத்தை நீட்டுகிறான். பார்வதி வாங்கவில்லை. கையெல்லாம் பால்.
பார்வதி: படி.
குமார்: மலாய்ல இருக்கு, அம்மா.
பார்வதி: அதுக்குத்தான பள்ளிக்கூடம் அனுப்புறேன்.
அடுத்த மரத்துக்குப் போகிறாள். குமார் கைப்பேசி வெளிச்சத்தைக் கடிதத்தின் மேல் பிடிக்கிறான். நிறுவன முத்திரை. அதன் கீழே கோடிட்ட எழுத்தில்: 30 ஹாரி, அதாவது 30 நாள்.
பார்வதி: என்னவாம்?
குமார்: லயத்துக்குச் சாயம் அடிக்கப் போறாங்களாம்.
உளி நிற்கிறது. பார்வதி திரும்புகிறாள். அவள் நெற்றி விளக்கு நேராக மகன் முகத்தில் விழுகிறது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறான்.
பார்வதி: இந்த லயத்துக்கா?
குமார்: ம்.
பார்வதி: பஸ் போயிடும்.

இதில் யாரும் அழவில்லை. செய்தி நமக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கு வரவில்லை. அல்லது வந்துவிட்டதோ என்னவோ. மகன் ஒரு பொய் சொல்லிவிட்டான். அந்தப் பொய் எப்போது உடையும் என்று பார்வையாளர் காத்திருப்பார். பத்தாம் பக்கம்வரை புரட்ட வைப்பது அந்தக் காத்திருப்புதான். விளக்கு, பால் ஒட்டிய கை, மலாய்க் கடிதம் மூன்றும் தோட்டத்திலிருந்து வந்தவை, அதே சமயம் கதையையும் நகர்த்துகின்றன. கையில் பால் இல்லாவிட்டால் அவளே கடிதத்தை வாங்கியிருப்பாள், பொய்க்கே இடமிருக்காது.

இதை நகல் எடுக்காதீர்கள். உங்கள் பத்துப் பக்கத்திலும் ஒவ்வொரு வசனத்தின் பக்கத்தில் "இது கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா?" என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். தெரியும் என்று வருகிற வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

பி.ஜே., சாலாக்: சென்னையிலிருந்து வரும் வழிகாட்டிக்கு நம்மூர் வழக்கு புரியுமா? வசனத்தைப் பொதுத் தமிழுக்கு மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். மண்டோரிடம் ஒரு பேச்சு, தவுக்கே எனும் சீன முதலாளி கடையில் ஒரு பேச்சு, நில அலுவலகத்தில் மலாயில் ஒரு பேச்சு, வீட்டுக்குள் ஒரு பேச்சு என்று ஒரே ஆள் நாளுக்கு நான்கு விதமாகப் பேசுகிற ஊர் இது. அந்த மாற்றமே பாத்திரத்தைக் காட்டும். சென்னைக்காரருக்காக முதல் பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்குப் பொருள் கொடுத்துவிட்டால் போதும். ஆனால் வழக்கை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளக் கூடாது. மேனேஜரிடமும் மனைவியிடமும் ஒரே சுருதியில் "லா, லா" என்று இழுக்கும் பாத்திரம் எங்கள் கண்ணில் நிறையப் பட்டுவிட்டது.

என்.எஸ்., சுங்கை சிப்புட்: ஒரு வழிகாட்டி பாட்டை எடு என்பார், இன்னொருவர் இடைவேளை பலவீனம் என்பார், மூன்றாமவர் நாயகனையே மாற்று என்பார் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

யார் சொல்லும் தீர்வையும் உடனே கேட்காதீர்கள். அவர்கள் எந்த இடத்தைத் தொடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள வழிகாட்டிக்கு வலி எங்கே என்று பெரும்பாலும் சரியாகத் தெரியும். மருந்து மட்டும் அவரவர் வேலை செய்து பழகிய இடத்துக்குத் தக்கபடி மாறும். தொலைக்காட்சிக்கு எழுதியவர் ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் முன் ஒரு கொக்கி கேட்பார். திரையரங்குக்கு எழுதியவருக்கு ஒரே ஒரு இடைவேளைதான், அதனால் அங்கே பெரிய வெடி கேட்பார். விழாப் படங்களில் வேலை செய்தவருக்கு இரண்டுமே வேண்டாம். மூவர் சொல்வதும் அவரவர் களத்தில் சரிதான்.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: பக்க எண், அவருக்கு என்ன ஆயிற்று, அவர் சொன்ன தீர்வு. நடுக் கட்டத்தில் "இங்கே குமார் மேல் நம்பிக்கை போய்விட்டது", "இந்த இடத்தில் யார் யார் என்று குழம்பியது" என்பது போல அவருடைய அனுபவத்தை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அவர் தீர்வை மட்டும் சொன்னால் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "எந்தப் பக்கத்தில் உங்களுக்குக் கவனம் விட்டது?" இந்த ஒரு கேள்விக்காகவே நான்கு நாள் முகாமுக்குப் போகலாம்.

மாலையில் மூன்று பேரின் பக்க எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மூவரும் 52, 55, 56 என்று ஒரே வட்டாரத்தில் நின்றால் சிக்கல் உண்மை. ஆனால் அதை 55ஆம் பக்கத்தில் சரிசெய்ய முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பதிலில் பார்த்த மண்டோர் 55ஆம் பக்கத்தில் அழும்போது நமக்கு எதுவும் தோன்றவில்லை என்றால், அவர் அந்தத் தாளுக்காக எதையும் இழக்கத் தயாராக இருப்பதை 20ஆம் பக்கத்தில் காட்டாமல் விட்டிருப்போம். அழுகிற காட்சியை எத்தனை தடவை திருப்பி எழுதினாலும் அது சரியாகாது. ஒருவர் மட்டும் சொன்ன குறையைத் தனியாக வையுங்கள். அது ரசனையாகவும் இருக்கலாம், மற்றவர் கண்ணில் படாத ஓட்டையாகவும் இருக்கலாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒன்று செய்யக் கூடாது: வாதாடுவது. "அது அப்படி இல்ல சார், அந்தக் காட்சியில நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று விளக்க ஆரம்பித்தால், நாற்பது நிமிட உட்காரலில் பாதி உங்கள் குரலிலேயே கழிந்துவிடும். நீங்கள் விளக்குவது பக்கத்தில் இல்லை என்பதுதான் அவர் சொல்லும் குறை.

கே.ஏ., சிம்மோர்: இந்த முகாம் முறை எங்கிருந்து வந்தது? நான்கு நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

ராபர்ட் ரெட்ஃபோர்டு 1981இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைப்பகுதியில் தொடங்கிய சன்டான்ஸ் நிறுவனத்தின் பட்டறைகள்தான் இந்த முறைக்குப் பெரிய முன்மாதிரி. மதிப்பெண், சான்றிதழ் என்று எதுவும் முக்கியமில்லை. எழுதியவரும் அனுபவசாலியும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவதுதான் முக்கியம். இந்தியாவில் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான என்.எஃப்.டி.சி.யும் திரைக்கதையாளர்களுக்குப் பட்டறை நடத்தியிருக்கிறது.

நான்கு நாளில் திரைக்கதை கற்றுக்கொள்ள முடியாது. எழுதிய ஒன்றை எப்படித் திருத்துவது என்று கற்றுக்கொள்ளலாம். அதனால் எத்தனை மோசமாக இருந்தாலும் முழுப் பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் காட்சி வரிசை, கோடம்பாக்கத்தில் ஒன்லைன் ஆர்டர் என்று சொல்வார்களே, அது. ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று வரி போதும். முழுநீளப் படத்துக்குப் பெரும்பாலும் அறுபதிலிருந்து எண்பது காட்சி வரும். வெறும் யோசனையோடு போகிறவருக்கு வழிகாட்டி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அதே வாசகர்: என்னவெல்லாம் எடுத்துப்போக வேண்டும்?

மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை நூறு, தடித்த பேனா, சுவர்ப் பசை, திரைக்கதையின் அச்சுப் பிரதி மூன்று. பக்க எண் போட மறக்காதீர்கள். பாதிப் பேர் மறக்கிறார்கள். நீட்டிப்பு வயர் ஒன்று, ஏனென்றால் பழைய பங்களாக்களில் ஓர் அறைக்கு ஒரு பிளக்தான் இருக்கும். பேராக்கில் சாயங்கால இடிமழைக்கு மின்சாரம் போவது புதிதல்ல, கோப்பை மதியமே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

அட்டையில் காட்சிக்கு ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டும்போது, மேலே என்ன நடக்கிறது என்றும் கீழே காட்சி முடியும்போது யாருக்கு என்ன மாறியது என்றும் எழுதுங்கள். கீழே எழுத எதுவும் இல்லாத அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும். திருவிழாக் காட்சியும் கல்யாணக் காட்சியும்தான் இப்படி முதலில் கழன்று விழும்.

எம்.பி., சுங்கை சிப்புட்: 1948 அவசரகாலத்தை வைத்து எழுத ஆசை. நம் ஊரில் தொடங்கிய வரலாறு அல்லவா? பட்ஜெட் பெரிது என்று பயமுறுத்துகிறார்கள்.

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது. பழைய லோரி, உடை, துப்பாக்கி, சாலையில் தெரியும் மின்கம்பம் எல்லாமே காசு. 16 ஜூன் 1948 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதையும் அதன்பின் வந்த அவசரகாலப் பிரகடனத்தையும் முழுசாகக் காட்டப்போனால் எந்தத் தயாரிப்பாளரும் முதல் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவார்.

ஆனால் அந்தக் காலம் கொடுத்த கட்டுப்பாடுகளைப் பாருங்கள். அவசரகாலம் 1960வரை நீடித்தது. மக்களைப் பதிவு செய்து அடையாள அட்டை கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுக்க, வாசலில் ஆட்களைச் சோதனை போட்டார்கள். கெடுபிடி கூடிய இடங்களில் வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை. ஒரு வாசல், ஒரு சோற்றுத் தூக்கு, அதைத் திறக்கச் சொல்லும் காவலர், காட்டுக்குள் யாரோ ஒருவர் பசியோடு இருப்பது தெரிந்த ஒரு பெண். இவ்வளவு போதும். வெடிகுண்டும் வேண்டாம், நூறு துணை நடிகரும் வேண்டாம். ஒரே லயம், ஒரே இரவு என்று சுருக்கினால் செலவும் குறையும், கதையும் இறுகும். வழிகாட்டியிடம் "இதை எத்தனை இடத்துக்குள் அடக்கலாம்?" என்று கேளுங்கள். தயாரிப்பு தெரிந்தவராக இருந்தால் உற்சாகமாகிவிடுவார்.

தேதியையும் ஆண்டையும் பாத்திரங்கள் வாயில் திணிக்காதீர்கள். 1948இல் வாழ்ந்தவருக்கு அது வரலாறு இல்லை, அந்த வாரத்துக் கஷ்டம்.

பெயர் வேண்டாம், லிந்தாங்: முகாமில் கதையைச் சொன்னால் திருடிவிடமாட்டார்களா?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் யோசனையைக் காக்காது. அந்த யோசனையை நீங்கள் எழுதிய விதத்தைத்தான் காக்கும். "தோட்டம் விற்கப்படுகிறது" என்பது யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் எழுதிய பக்கங்கள் உங்களுக்குச் சொந்தம். எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் ஆதாரம் வேண்டும் என்றால், மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப் பதிவுக்கு வழி உண்டு. 2012இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரதியை அனுப்பிய மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். முகாமுக்கு முந்திய பிரதியையும் பிந்திய பிரதியையும் தனித்தனியாக வைத்திருங்கள்.

முகாமில் திருட்டு நடப்பது அரிது. அதைவிட அதிகம் நடப்பது, கூட்டாளி யார் என்ற தகராறு. ஒரு வழிகாட்டி நல்ல திருப்பம் ஒன்று சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள், படம் வரும்போது "கதை உதவி" என்று பெயர் கேட்பார். ஆலோசனை சொன்னதால் யாரும் எழுத்துப் பங்காளி ஆகமாட்டார், எழுதித் தந்தால் தனி ஒப்பந்தம் என்று முகாம் தொடங்கும் முன்பே ஏற்பாட்டாளரிடம் இரண்டு வரி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒருவர் கேட்டு, அவருக்காக நீங்கள் எழுதிக்கொடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை கேட்டவருக்குப் போய்விடும். சட்டத்தின் 26ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "முதல்ல எழுதிக் குடுங்க தம்பி, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் தயாரிப்பாளரிடம் கவனம். பேப்பரில் என்ன இருக்க வேண்டும்? காட்சி வரிசைக்கு எவ்வளவு, முதல் பிரதிக்கு எவ்வளவு, எத்தனை திருத்தத்துக்கு மேல் தனிப் பணம், பெயர் எப்படி வரும், குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் கதை யாருக்குத் திரும்பும். அந்த நிறுவனத்துக்கு மலேசியத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் தயாரிப்பு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிறவரிடம் கதை கொடுக்காமலிருப்பதே நல்லது.

வி.எல்., சாலாக்: வயது 58. தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். என்னைச் சேர்ப்பார்களா?

அறிவிப்பில் வயது வரம்பு இல்லை. செக்ரோல் எனும் வருகைப் பதிவுப் புத்தகம் எழுதிய கைக்கு, யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று தெரியும். பத்துப் பக்கம் அனுப்புங்கள் ஐயா.

எஸ்.கே., சுங்கை சிப்புட்: முகாம் முடிந்த பிறகு வழிகாட்டியிடம் தொடர்ந்து பேச முடியுமா? தொந்தரவு என்று நினைப்பார்களோ?

கடைசி நாள் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்: "அடுத்த பிரதியை ஒரு தடவை பார்ப்பீர்களா, எப்போது அனுப்பட்டும்?" சரி என்றால் தேதி ஒன்று வாங்குங்கள். ஆறு வாரம் நியாயமான இடைவெளி. அதற்கு முன் வாட்ஸ்அப்பில் காட்சி காட்சியாக அனுப்பாதீர்கள். மூன்றாவது காட்சியிலேயே அவர் நீலக் குறியோடு நிறுத்திவிடுவார்.

அனுப்பும்போது முழுப் பிரதியோடு ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும்: எதை மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில், அவர் சொன்னவற்றில் எதை எடுத்துக்கொள்ளவில்லை, இப்போது உங்களுக்கு எங்கே சந்தேகம். எடுத்துக்கொள்ளாததைச் சொல்வதால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் படிக்கவில்லை என்று நினைப்பார்கள். கேள்வியை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "34ஆம் பக்கத்தில் மகன் பொய் சொன்னது அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்று உங்களுக்குத் தோன்றியதா?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று நான்கு வாரம் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், முகாமில் உங்களோடு உட்கார்ந்த மற்ற எழுத்தாளர்களில் இருவரைப் பிடித்து மாதம் ஒருமுறை பக்கங்களை மாற்றிப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துக்கு எதிரில் தே தாரேக் தேநீர் குடிக்க ஒரு மேசை போதும் அதற்கு.